'செய்' என்னும் வாய்பாடு: ஆங்கிலத்தின் 'டூ' வினையைப் பற்றி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வாழ்நாளெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த ஓர் ஆசிரியரின் நினைவாக, அவரிடம் படித்தவர்கள் கூடி ஏற்படுத்திய அறக்கட்டளை இது. இந்த மேடையில் பேச ஆங்கில நாடகம் ஒன்றையோ நாவல் வரலாற்றையோ எடுத்துக்கொண்டிருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது இரண்டே எழுத்துள்ள ஒரு வினைச்சொல்லை: 'டூ'. ஆறாம் வகுப்புப் பிள்ளை இதைக் கண்டு தடுமாறுகிறது. முதுகலை முடித்தவர்களும் பேசும்போது இதில்தான் இடறுகிறார்கள். ஓர் ஆசிரியரின் பெயரால் நடக்கும் சொற்பொழிவுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை.

நான் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றுதான். 'டூ' என்றால் 'செய்' என்று பொருள் சொல்லி அந்தச் சொல்லைக் கற்பித்துவிட முடியாது; அது வாக்கியத்தில் பார்க்கும் வேலையைக் காட்டித்தான் கற்பிக்க முடியும். அந்த வேலையை விளக்கும் கருவிகள் தமிழ் இலக்கணத்திலும் தமிழர் அன்றாடப் பேச்சிலும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை நாம் எடுத்துப் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறோம்.

1. அகராதியின் அளவுகோல்

ஒரு சொல் எவ்வளவு பெரியது என்று அளக்க முதலில் அகராதியைத்தான் திறக்கிறோம். லண்டன் மொழியியல் கழகம் 1857இல் தொடங்கிய முயற்சி 1884இல் முதல் பகுதியாக வெளிவந்து 1928இல் நிறைவுற்றது. அதுதான் இன்று ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்ற வினைக்குரியது. பின்னர் நடந்த திருத்தப் பணியில் 'ரன்' என்ற வினை அதை முந்தியது. அதற்கு 645 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டதாகச் செய்தி வந்தது.

பொருள்களை எண்ணினால் முதலிடம் 'டூ'வுக்கு இல்லை. ஆயினும் வழக்கில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் 'பி', 'ஹேவ்' ஆகிய இரண்டுக்கும் அடுத்து 'டூ' வந்து நிற்கும். ஆங்கிலத்தில் வினாக் கேட்பவர், மறுத்துச் சொல்பவர், சுருக்கமாகப் பதில் சொல்பவர் யாராயினும் அதைத் தொடாமல் நெடுநேரம் பேச முடியாது. அந்த இடங்களில் எல்லாம் அதற்குப் பொருள் என்று ஒன்று ஏறத்தாழ இல்லை. ஒரு மொழியில் மிகுதியாகப் புழங்கும் வினைகளில் ஒன்று பெரும்பாலான நேரத்தில் பொருளற்று நிற்கிறது என்றால், அது ஏன் என்று கேட்க வேண்டும் அல்லவா?

2. வேரும் உறவுகளும்

பழைய ஆங்கிலத்தில் இந்த வினை 'டோன்' என்று இருந்தது. ஜெர்மன் மொழியின் 'டூன்', டச்சு மொழியின் 'டூன்' இரண்டும் இதன் உடன்பிறப்புகள். இன்னும் மேலே சென்றால் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் மிகப் பழைய வேர் ஒன்றை அடைகிறோம். அந்த வேரின் முதற்பொருள் 'வை, நிறுவு' என்பது. அதே வேர் சமஸ்கிருதத்தில் 'தா' என்று நின்றது. நிதி, விதி, சந்தி, சமாதானம், பிரதானம், சிரத்தை ஆகிய எல்லாம் அதிலிருந்து வந்தவை. கிரேக்கத்தில் அதே வேரிலிருந்து 'தீசிஸ்' பிறந்தது. லத்தீனில் 'ஃபாகெரே' என்ற வினையாகி, 'ஃபேக்ட்', 'ஃபேக்டரி' ஆகிய சொற்களைத் தந்தது. இந்தச் சொற்பொழிவைத் தாங்கும் அறக்கட்டளையின் நிதி, இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களின் தீசிஸ், ஊர் எல்லையில் இருக்கும் ஃபேக்டரி ஆகிய மூன்று சொற்களும் 'டூ'வுக்குப் பங்காளிகள்.

'வை' என்ற அந்தப் பழம்பொருளின் தடம் ஆங்கிலத்திலேயே சில இடங்களில் தங்கியிருக்கிறது. உடையை அணிதலைக் குறிக்கும் 'டான்', 'டூ'வும் 'ஆன்' என்பதும் ஒட்டியது. மேலே வைத்தல் என்று பொருள். தொப்பியைக் கழற்றுதலைக் குறிக்கும் 'டாஃப்', 'டூ'வும் 'ஆஃப்' என்பதும் ஒட்டியது. இன்று அழிவு என்று பொருள்படும் 'டூம்' என்ற சொல் முற்காலத்தில் தீர்ப்பு, சட்டம் என்று பொருள்பட்டது. நிறுவி வைக்கப்பட்டது எதுவோ அதுவே சட்டம். 1086ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்துத் தொகுத்த 'டூம்ஸ்டே' ஏட்டின் பெயரில் அந்தச் சொல் இருக்கிறது. 'கிங்டம்', 'ஃபிரீடம்', 'விஸ்டம்' ஆகிய சொற்களின் ஈற்றில் நிற்கும் 'டம்' அதே சொல்தான்.

இன்னொரு உறவு இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஆங்கிலத்தில் இறந்தகாலம் காட்ட வினையின் இறுதியில் 'டு' ஒலி சேர்கிறது: 'வாக்' என்பது 'வாக்டு' ஆகிறது, 'லவ்' என்பது 'லவ்டு' ஆகிறது. அந்த விகுதி, 'டூ' வினையின் இறந்தகால வடிவம் முன்னொரு காலத்தில் பின்னால் வந்து ஒட்டித் தேய்ந்ததால் உண்டானது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அதாவது, ஆங்கிலம் பிறப்பதற்கு முன்பே அதன் மூதாதை மொழி, காலத்தைத் தாங்க ஒரு துணை வேண்டும் என்று 'டூ'வைத்தான் அழைத்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஆங்கிலம் மறுபடியும் அதையே அழைத்தது. அந்த இரண்டாம் அழைப்பின் வரலாறு இனி வருவது.

3. துணையாக வந்த கதை

இன்றைய ஆங்கிலத்தில் 'நீ வந்தாயா?' என்று கேட்க 'டிட் யூ கம்?' என்கிறோம். கவிஞர் சாசர் வாழ்ந்த 14ஆம் நூற்றாண்டில் 'கேம் யூ?' என்ற அமைப்பே இயல்பு. வினையைத் தூக்கி எழுவாய்க்கு முன்னால் வைத்தால் வினா ஆகிவிடும். 'எனக்குத் தெரியாது' என்பதற்கு 'ஐ நோ நாட்' என்றார்கள். வினைக்குப் பின்னால் 'நாட்' சேர்த்தால் மறுப்பு. ஜெர்மன் மொழி இன்றும் ஏறத்தாழ இப்படித்தான் நடக்கிறது.

அந்தக் காலத்தில் 'டூ'வுக்கு வேறொரு பயன் இருந்தது. 'மன்னன் கோட்டை கட்டினான்' என்றால் மன்னன் கல் சுமக்கவில்லை, கட்டுவித்தான். அந்தப் பிறவினைப் பொருளைக் காட்ட 'டிட் பில்ட்' என்று சொல்லலாம். கட்டினானா, கட்டுவித்தானா என்ற வேறுபாடு தேவைப்படாத இடங்களில் 'டிட்' மெல்ல மெல்லப் பொருள் இழந்தது. 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் எழுந்த செய்யுள்களில் இந்தப் பொருளற்ற 'டூ' தென்படுகிறது. ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆல்வார் எல்லெகார்டு 1953இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த வரலாற்றுக்கு இன்றும் அடிப்படை. செய்யுளில் அது பரவியதற்கு அவர் காட்டும் காரணம் அழகானது. காலத்தை 'டிட்' ஏற்றுக்கொண்டால் முதன்மை வினை தன் மூல வடிவில் அடியின் இறுதிக்குச் செல்ல முடியும். அங்கே இயைபுத் தொடை எளிதாக அமையும். யாப்பின் தேவை இலக்கணத்தை அசைத்தது என்று கேட்டால், தொடைக்காகச் சொல்லை மாற்றியமைத்துப் பழகிய தமிழ் மரபில் வந்த நமக்கு வியப்பாக இராது.

இந்த வரலாற்றில் இன்னொரு வாதமும் உண்டு. வேல்ஸ் மொழியில் 'செய்' என்று பொருள்படும் வினை இதேபோல் துணைவினையாக வருகிறது. ஆகவே பிரிட்டனில் முன்பே வாழ்ந்த கெல்டிக் மக்களின் பேச்சே ஆங்கிலத்தை இப்படித் திருப்பியது என்று மொழியியலாளர் ஜான் மக்வோர்ட்டர் போன்றோர் வாதிடுகிறார்கள். ஆங்கிலேயர் அந்தத் தீவுக்கு வந்து பல நூற்றாண்டுகள் கழித்தே எழுத்தில் இந்த வழக்கு தோன்றுகிறது என்பதையும், ஜெர்மன் வட்டார வழக்குகளிலும் இதையொத்த அமைப்பு உண்டு என்பதையும் எதிர்த்தரப்பினர் சுட்டுகிறார்கள். இரு தரப்புக்கும் வலுவான சான்றுகள் உண்டு. ஆயினும் தொடங்கி வைத்தவர் எவராயினும், இதை மொழியின் கட்டாய விதியாக்கியவர்கள் பிற்கால ஆங்கிலப் பேச்சாளர்களே.

16ஆம் நூற்றாண்டில் இரண்டு வழக்கும் அருகருகே இருந்தன. ஷேக்ஸ்பியர் ஒரே நாடகத்தில் 'டூ' சேர்த்தும் கேட்கிறார், சேர்க்காமலும் கேட்கிறார். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் பழைய மறுப்பு வடிவம் நிறைந்து கிடக்கிறது. 1700ஐ ஒட்டி வினாவிலும் மறுப்பிலும் 'டூ' பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டது. 'நோ', 'டவுட்', 'கேர்' போன்ற அன்றாட வினைகள் சிலவே கடைசிவரை பழைய வடிவத்தை விடாமல் நின்றன. மிகவும் பழகிய சொல்தான் மாற்றத்துக்குக் கடைசியில் உட்படும் என்பதற்கு இது நல்ல சான்று.

அதே வேளையில் வினாவும் மறுப்பும் இல்லாத நேர்வாக்கியத்தில் 'டூ' பின்வாங்கியது. 16ஆம் நூற்றாண்டில் 'ஐ டூ லவ்' என்பது வெறுமனே 'ஐ லவ்' என்றே பொருள்பட வழங்கியது. 1711இல் கவிஞர் அலெக்சாண்டர் போப், செய்யுளில் சீர் நிரப்பப் பயன்படும் இந்த 'டூ'வை, அதே 'டூ'வைத் தம் அடிக்குள் வைத்தே எள்ளி நகையாடினார். 1755இல் வந்த தம் அகராதியோடு சேர்ந்த இலக்கணப் பகுதியில் சாமுவேல் ஜான்சன் இதைப் பிழைபட்ட பேச்சு என்று ஒதுக்கினார். பொது ஆங்கிலத்தின் நேர்வாக்கியத்தில் அழுத்தம் தேவைப்படும்போது மட்டுமே 'டூ' தங்கியது. இங்கிலாந்தின் தென்மேற்கு வட்டார வழக்கில் பழைய அழுத்தமற்ற 'டூ' பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தது. அயர்லாந்தின் ஆங்கிலத்திலோ 'டஸ் பி' என்று சேர்ந்து, ஒருவர் வழக்கமாகச் செய்வதைக் குறிக்கும் தனி வடிவமாயிற்று.

4. அது பார்க்கும் வேலை

இன்று இந்தத் துணைவினைக்கு நான்கு வேலைகள்.

முதலாவது மறுப்பு: 'ஹி கேம்', 'ஹி டிட் நாட் கம்'. இரண்டாவது வினா: 'டிட் ஹி கம்?' மூன்றாவது வலியுறுத்தல்: 'ஹி டிட் கம்'. நான்காவது, முன்னால் வந்த வினையை மறுபடி சொல்லாமல் அதன் இடத்தில் நிற்றல். 'அவர் வந்தாரா?' என்று கேட்டால் ஆங்கிலேயர் 'ஹி டிட்' என்று முடித்துக்கொள்கிறார். 'உனக்குத் தேநீர் பிடிக்கும், இல்லையா?' என்று கேட்க, 'யூ லைக் டீ' என்று சொல்லி 'டோன்ட் யூ?' என்று வால் சேர்க்கிறார்.

நான்கிலும் நடப்பது ஒன்றே. காலம், எண், இடம், மறுப்பு ஆகிய இலக்கணப் பாரம் முழுவதும் 'டூ' மீது ஏறுகிறது. முதன்மை வினை தன் பொருளை மட்டும் சுமந்து வெறுமனே நிற்கிறது. நம் பழைய சாலையோரங்களில் தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்தார்களே, அந்தப் பணிதான் இது. 'கேம்' என்ற வடிவம் காலத்தைச் சுமந்திருக்கிறது. 'டிட்' வந்து அந்தக் காலத்தை வாங்கிக்கொண்டபின் 'கம்' என்று இலகுவாகிவிடுகிறது. 1957இல் நோம் சோம்ஸ்கி தம் 'வாக்கிய அமைப்புகள்' நூலில் இதை விதியாக வகுத்தார்: காலக்குறி வினையோடு ஒட்ட முடியாமல் தனித்து நின்றால், அதைத் தாங்க 'டூ' நுழைகிறது. அந்த நூல் மொழியியலையே திருப்பிப்போட்டது என்பர். அதன் முதன்மையான எடுத்துக்காட்டுகளில் ஒன்று இந்தச் சிறு வினை.

'பி' வினையும் 'கேன்', 'வில்', 'மஸ்ட்' போன்ற துணைவினைகளும் ஏற்கெனவே பாரம் தாங்கக் கூடியவை. அவை இருக்கும் இடத்தில் பொதுவாக 'டூ' வராது. 'ஹேவ்' இரண்டு கட்சியிலும் நிற்கும். 'உன்னிடம் பேனா இருக்கிறதா?' என்று கேட்கப் பழைய பிரிட்டிஷ் வழக்கு 'ஹேவ் யூ எ பென்?' என்றது, அமெரிக்க வழக்கும் இன்றைய பொது வழக்கும் 'டூ யூ ஹேவ்' என்கின்றன. 'டூ'வின் ஆட்சி இன்னும் விரிந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு இது அடையாளம்.

5. அன்றாட வழக்கில்

துணையாக நிற்காமல் தனித்து வரும்போதும் 'டூ' தன் பொருளைப் பக்கத்துச் சொல்லிடம் கடன் வாங்குகிறது. பாத்திரத்தோடு சேர்ந்தால் துலக்குதல். தலைமுடியோடு சேர்ந்தால் வாரி முடித்தல். கணக்கோடு சேர்ந்தால் போடுதல். 'டைம்' என்பதோடு சேர்ந்தால் சிறையில் இருத்தல். எந்தப் பொருளோடு எந்தச் செயல் வழக்கமாக நடக்குமோ அதையே அது குறிக்கும்.

'மேக்' என்ற இன்னொரு வினையும் நமக்குச் 'செய்'தான் என்பதால் இங்கே குழப்பம் நேர்கிறது. செயலின் நடப்பை நோக்கினால் 'டூ'. செயலால் விளைந்து நிற்பதை நோக்கினால் 'மேக்' என்பது பொதுவான வழிகாட்டி. வீட்டுப்பாடத்துக்கும் வேலைக்கும் உதவிக்கும் 'டூ' வரும். தேநீருக்கும் சத்தத்துக்கும் வாக்குறுதிக்கும் தவறுக்கும் 'மேக்' வரும். இது விதி அன்று, சாய்வுதான். மீதியைக் காதால் பழக வேண்டும்.

நலமாக இருத்தல் என்று ஒரு பொருளும் உண்டு. நோயாளி நன்றாகத் தேறி வருகிறார் என்பதற்கு 'டூயிங் வெல்' என்கிறார்கள். 'ஹவ் டூ யூ டூ?' என்ற பழைய முகமனில் முதலில் நிற்பது வினாவைத் தாங்கும் துணை; இறுதியில் நிற்பது நலத்தைக் குறிக்கும் முழுவினை. ஒரே வாக்கியத்தில் இரண்டு 'டூ'வும் இரண்டு வேலை பார்ப்பதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

'போதும்' என்ற பொருளும் உண்டு. 'தட் வில் டூ' என்றால் அது போதும், அதுவே சரிப்படும் என்று பொருள். இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றுவதை 'மேக் டூ' என்பர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் 1941 ஜூன் மாதம் துணிக்குப் பங்கீடு கொண்டுவந்தது. 1943இல் அரசு, பழைய உடைகளைத் தைத்தும் ஒட்டுப்போட்டும் உடுத்துமாறு மக்களுக்கு வழிசொல்லும் கையேடு ஒன்றை வெளியிட்டது. அதன் தலைப்பு 'மேக் டூ அண்ட் மெண்ட்'. நெருக்கடிக் காலத்தில் ஒரு நாடு தன் குடிமக்களிடம் பேச எடுத்துக்கொண்ட சொல் எவ்வளவு எளியது பாருங்கள்!

திருமணத்தில் ஒப்புதல் சொல்லும் 'ஐ டூ' திரைப்படங்களால் உலகறிந்தது. ஆனால் 1549இலும் 1662இலும் வந்த இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல்களில் மணமக்கள் சொல்லும் விடை 'ஐ வில்'. 'ஐ டூ' அமெரிக்காவில் பெருவழக்கானது. கேள்வி எந்தத் துணைவினையில் தொடங்குகிறதோ அதே துணைவினையில் விடை வரும் என்ற விதியே இரண்டுக்கும் அடிப்படை.

6. இலக்கணிகள் தேர்ந்த சொல்

இனி நம் பக்கம் வருகிறேன். எல்லா வினைகளுக்கும் பதிலாக நிற்கக்கூடிய ஒரு வினை வேண்டும் என்ற தேவையை ஆங்கிலப் பேச்சாளர்கள் தம்மை அறியாமல் உணர்ந்தார்கள். நம் இலக்கண ஆசிரியர்கள் அதை அறிந்தே தேர்ந்தார்கள். தொல்காப்பியர் வினையெச்சங்களை வகுக்கும்போது வந்து, உண்டு, ஓடி என்று அடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஓர் அச்சு வைத்தார். அந்த அச்சு 'செய்' என்ற வினை. செய்து, செய்பு, செய, செயின் என்பவை அவர் வகுத்த வாய்பாடுகளுள் சில. பவணந்தி முனிவரும் நன்னூலில் அதே வழியில் சென்றார். 'வந்து' எது என்று கேட்டால் 'செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்' என்கிறோம். பெயரெச்சத்துக்கும் செய்த, செய்கின்ற, செய்யும் என்பவையே வாய்பாடு. செய்வினை, செயப்பாட்டுவினை, செயப்படுபொருள் என்று நம் கலைச்சொற்களும் அந்த வேரிலேயே நிற்கின்றன.

இது தமிழில் மட்டும் நடந்ததன்று. அரபு இலக்கணிகள் தம் மொழியின் எல்லாச் சொல்லமைப்புக்கும் வாய்பாடாக எடுத்த மூவெழுத்து வேர் 'ஃப-அ-ல'; அதன் பொருளும் 'செய்' என்பதே. நம் ஊர்களில் வழங்கும் 'மக்தப்' என்ற சொல் அவர்கள் கணக்கில் 'மஃப்அல்' வாய்பாடு. எபிரேய இலக்கணிகள் அதே முறையைத் தம் மொழிக்கு எடுத்துக்கொண்டார்கள். சமஸ்கிருதத்திலோ கர்த்தா, கருமம், கரணம், காரகம், கிரியை ஆகிய இலக்கணச் சொற்கள் அனைத்தும் 'செய்' என்று பொருள்படும் 'க்ரு' என்ற வேரிலிருந்து எழுந்தவை. மூன்று வேறு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த அறிஞர்கள் வினை என்றால் என்ன என்று எண்ணியபோது எட்டிய சொல் ஒன்றே. மனிதர் மொழியில் மிகக் குறைந்த பொருளுடைய வினை 'செய்'. ஆகவேதான் எல்லா வினைக்கும் ஆளாக நிற்க அதற்குத் தகுதி உண்டு.

7. பேச்சில் இருக்கும் செய்

இது இலக்கண நூலோடு நின்றுவிடவும் இல்லை. 'கஷ்டம் இருக்கத்தான் செய்கிறது' என்று சொல்கிறோம். இந்த வாக்கியத்தில் 'செய்கிறது' என்ன செய்கிறது? இருத்தல் ஒரு செயலன்று. அங்கே எதுவும் செய்யப்படவில்லை. 'இருக்கிறது' என்பதோடு 'தான்' சேர்த்து அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வினையை 'இருக்க' என்று எச்சமாக்கி அதில் 'தான்' சேர்த்தபின், காலமும் எண்ணும் பற்றுவதற்கு இடம் இல்லாமல் போகிறது. அவற்றைத் தாங்கச் 'செய்' வருகிறது. 'அவன் வரத்தான் செய்தான்' என்பதும், 'திட்டினாள், அழவும் செய்தாள்' என்பதும் இதே அமைப்பு. 'அவன் வரத்தான் செய்தான்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: 'ஹி டிட் கம்'. சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கிறது. வெறும் பொருளோடு நிற்கும் முதன்மை வினை ஒன்று, காலத்தைச் சுமக்கும் 'செய்' ஒன்று. வேறு குடும்பத்தைச் சேர்ந்த இரு மொழிகள், ஒன்றையொன்று பாராமல், ஒரே சிக்கலுக்கு ஒரே தீர்வைக் கண்டிருக்கின்றன.

பிறமொழிச் சொல்லை வரவேற்கும் வாசலிலும் இந்த வினைதான் நிற்கிறது. போன் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு, டவுன்லோடு செய் என்று எந்த ஆங்கிலச் சொல் வந்தாலும் 'பண்ணு' அல்லது 'செய்' சேர்த்து நம் வாக்கியத்தில் அமர்த்துகிறோம். இந்தியில் 'கர்னா', பாரசீகத்தில் 'கர்தன்', ஜப்பானியத்தில் 'சுரு', கொரிய மொழியில் 'ஹதா' ஆகியவற்றுக்கும் இதே பணி. 'அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வார்கள்' என்ற தொடரில் வெளியார் ஒருவரே. காலம், இடம், எண், மரியாதை அனைத்தையும் தமிழ் வினை தாங்குகிறது. நல்ல தமிழ்ச்சொல் இருக்கும்போது அதை ஆள வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் 'பண்ணு' சேர்வதை மொழியின் தளர்ச்சி என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. வந்த சொல்லைத் தன் இலக்கணத்துக்கு உட்படுத்தும் வலிமை அது.

8. வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

நம் பிள்ளைகள் செய்யும் பிழைகள் நமக்கெல்லாம் தெரியும்: 'டிட் யூ கேம்?', 'ஐ டிடின்ட் வென்ட்', 'ஒய் யூ கேம் லேட்?' முதல் இரண்டில் காலம் இரு இடங்களில் ஏறிவிட்டது. மூன்றாவதில் தாங்க வேண்டிய துணை வரவேயில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பெறும் குழந்தைகளும் மழலையில் இவற்றைச் சொல்கிறார்கள் என்பதைக் குழந்தைமொழி ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். ஆகவே இது அறிவுக்குறை அன்று. விதியைப் பாதி கண்டுகொண்டதன் அடையாளம். இதற்காக ஒரு பிள்ளையை நிற்கவைத்துச் சிரிக்கும் வகுப்பறை நமக்கு வேண்டாம்.

அந்த மீதிப் பாதியைத் தமிழைக் கொண்டே கற்பிக்கலாம். 'அவன் வந்தான்' என்பதை மறுத்துச் சொல்லுங்கள் என்றால் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் 'வந்தானில்லை' என்று சொல்லாது. 'வரவில்லை' என்றே சொல்லும். மறுப்பு வந்ததும் வினை தன் காலத்தையும் விகுதியையும் களைந்து 'வர' என்று நிற்கிறது. அந்த 'வர', தமிழ் வகுப்பில் நாம் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று மனப்பாடம் செய்யவைப்பது. 'டிட் நாட் கம்' என்பதில் 'கேம்' ஏன் 'கம்' ஆகிறது என்று விளக்க வேறென்ன வேண்டும்?

'வரமாட்டான்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் வரமாட்டேன், நீ வரமாட்டாய், அவள் வரமாட்டாள், அவர்கள் வரமாட்டார்கள். 'வர' அசையாமல் இருக்கிறது. மாறுவது எல்லாம் 'மாட்டு' என்ற துணையின் ஈறு. 'ஐ டோன்ட் கம்', 'ஹி டஸின்ட் கம்' என்பதிலும் 'கம்' அசையாமல் இருக்கிறது, மாறுவது துணைதான். 'டஸ்' வந்தபின் 'கம்ஸ்' என்று எழுதும் பிள்ளையிடம், 'வரான்மாட்டான்' என்று சொல்வாயா என்று ஒருமுறை கேட்டால் போதும். வரவில்லை என்றால் பெரும்பாலும் 'டிட் நாட்', வருவதில்லை என்றால் 'டஸ் நாட்' என்ற இணையையும் அடுத்த படியில் காட்டலாம். வேற்றுமையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ் 'ஆ' என்ற ஓரெழுத்தால் வினாவை முடித்துவிடுகிறது. ஆங்கிலம் அந்த வேலைக்குத் துணைவினையை முன்னால் அனுப்புகிறது. தமிழ் விடையில் வினையைத் திருப்பிச் சொல்கிறது. ஆங்கிலம் துணையை மட்டும் சொல்லி நிறுத்துகிறது.

எழுத்தும் ஒலியும் ஒத்துவராமை இன்னொரு தடை. டூ, டஸ், டன், டோன்ட் என்று ஒரே எழுத்து மூன்று விதமாய் ஒலிக்கிறது. இவற்றைப் பட்டியலாக எழுதிப்போடாமல் வாக்கியத்தில் வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பழக்க வேண்டும்.

நம் பள்ளிகளில் தமிழ் வகுப்பு முடிந்து மணி அடித்தால் ஆங்கில வகுப்பு தொடங்குகிறது. முதல் வகுப்பில் 'செய' வாய்பாடு மதிப்பெண்ணுக்கான பாடம். அடுத்த வகுப்பில் அதற்கு நிகரான வடிவமே வேறொரு பெயரில், வேறொரு மர்மமாக வருகிறது. இரண்டு ஆசிரியர்களும் ஒரே ஓய்வறையில் தேநீர் அருந்துகிறார்கள். இரண்டு இலக்கணங்களும் சந்திப்பதில்லை. எனவே மூன்று வேண்டுகோள்களை இந்த மேடையில் வைக்கிறேன். ஆசிரியர் பயிற்சியில் தமிழ் இலக்கணமும் ஆங்கில இலக்கணமும் ஒப்பிட்டுக் கற்பிக்கப்பட வேண்டும். ஆங்கில-தமிழ் அகராதிகள் 'டூ' போன்ற வினைகளுக்குப் பொருளோடு நில்லாமல் அவற்றின் வேலையையும் தமிழ்த் தொடர்களால் விளக்க வேண்டும். தமிழ்வழியில் படித்து வரும் மாணவரிடம், உன் மொழி உனக்குத் தடை என்று யாரும் சொல்லக்கூடாது. உன் மொழியின் இலக்கணம் உன் கையில் இருக்கும் திறவுகோல் என்று சொல்ல வேண்டும்.

தொல்காப்பியத்தில் 'செய்' வாய்பாட்டைக் கற்றவருக்கு ஆங்கிலத்தின் 'டூ' அந்நியமாக இருக்கக் காரணம் எதுவும் இல்லை. அதை அந்நியமாக்கி வைத்திருப்பது நம் கற்பிக்கும் முறை. முறையை மாற்றுவது ஆசிரியர்களாகிய நம் கையில் இருக்கிறது. வரும் கல்வியாண்டிலேயே, ஒரு வகுப்பில், 'வரவில்லை' என்ற ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதித் தொடங்கலாம்.